ஒரே வாசலில் இரண்டு டெண்டர்

தி.நகரில் பாத்திரம் வாங்கப் போனவர்களுக்குச் சண்முகவேல் அண்ணாச்சியைத் தெரியாமல் இருக்காது. உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், துணிக்கடைப் பைகள் இடித்துக்கொண்டு போகிற நெரிசலுக்கு நடுவே, எவர்சில்வர் குடங்களை வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் கடை அவருடையது. மேலே பெரிய எழுத்தில் ‘சண்முகா மெட்டல்ஸ்’. அதற்குக் கீழே, யார் கண்ணிலும் படாவிட்டால் நல்லது என்று எழுதியதைப் போல் சின்ன எழுத்தில் ‘ஸ்வர்ணா ஏஜென்சீஸ், அரசு அலுவலக சப்ளை’. ஸ்வர்ணா என்பது அவர் மனைவி ஸ்வர்ணலதா.

அந்தக் கம்பெனி அவள் பேருக்கு வந்தது பெரிய கதை இல்லை. பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு அரசாங்க சப்ளையில் சில சலுகைகள் உண்டு என்று ஆடிட்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாளே அண்ணாச்சி ஒரு கத்தைக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு மாவுக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து அவள் உரிமையாளர். இந்த ஊரில் மனைவி பேரில் கம்பெனி வைத்திருக்கும் கணவன்மார்களை ஓரிடத்தில் கூட்டினால் மெரினா மணல் போதாது. ஆகவே அண்ணாச்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அரசாங்கத்தோடு வியாபாரம் செய்வது எப்படி என்பதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. எந்த ஆபீஸிலும் மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்கு என்பார்கள். அந்த மூன்றையும் அண்ணாச்சியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஒன்று தன்னுடையது. இன்னொன்று மாம்பலத்தில் இருக்கும் மைத்துனன் கடை லெட்டர்பேடில், கொஞ்சம் விலை கூட்டி. மூன்றாவது பக்கத்துக் கடைக்காரருடையது, இன்னும் கொஞ்சம் கூட்டி. அடுத்த முறை பக்கத்துக் கடைக்காரருக்கு இவர் அப்படி ஒன்று எழுதிக் கொடுப்பார். இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒத்தாசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். போட்டி என்றால் அவருக்கு அவ்வளவுதான்: ஒரே பையிலிருந்து மூன்று உறை.

இந்த நிலையில்தான் அடையாறு வகுப்பு வந்தது. அரசுக் கொள்முதல், ஒப்பந்த விதிகள் பற்றிச் சிறு நிறுவனங்களுக்கு அறிமுகப் பயிற்சி. மூன்று நாள். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, முடிவில் ஒரு சான்றிதழ். மாணவர் விடுதிகளுக்குத் தட்டும் தம்ளரும் வாங்க ஒரு பெரிய டெண்டர் வரப்போகிறது என்றும், இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது என்றும் ஆடிட்டர் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. உரிமையாளர்தான் வர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது.

“சும்மா போய் உக்காந்துட்டு வா. அவங்க சொல்றது எதையும் மண்டையில ஏத்திக்காத. சர்டிபிகேட்ட மட்டும் வாங்கிக்க” என்று சொல்லித்தான் அண்ணாச்சி அவளை ஸ்கூட்டரில் ஏற்றினார். ஸ்வர்ணலதா தலையாட்டினாள். ஆனால் கிளம்புவதற்கு முன் புதுப் பேனா ஒன்றை எடுத்து, எழுதுகிறதா என்று செய்தித்தாள் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டாள். அதைப் பார்த்தபோதே அவருக்கு என்னவோ போல் இருந்தது.

பயிற்சி மையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அண்ணாச்சிக்குத் தெரிந்தது, தான் மட்டும் இல்லை என்று. உள்ளே உரிமையாளர்கள் படித்துக்கொண்டிருக்க, நிஜ முதலாளிகள் எல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் சரக்குக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாந்தோமிலிருந்து வந்திருந்த பொன்னுரங்கம் என்பவர் அண்ணாச்சிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவர் மனைவி பேரில் இருப்பது திரைச்சீலை தைக்கும் கம்பெனி. மனுஷனுக்கு எதிலும் கவலை இல்லை. வகுப்பு முடியட்டும், ஊர் சுற்றலாம் என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏறியதும் ஸ்வர்ணலதா பேச ஆரம்பித்தாள். கோட்டூர்புரம் தாண்டி, நந்தனம் சிக்னல் தாண்டி, வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு ஒருத்தரிடம் வாங்க முடியாதாம், ஏனென்றால் அது ஊர்ப் பணமாம். ஒருவர் கேட்கும் சந்தேகத்துக்குப் பதிலை எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். கெடு தாண்டி ஒரு நிமிஷம் கழித்து வந்தாலும், மந்திரி மச்சானே ஆனாலும், எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தகுதி இருப்பவர்களின் விலையை மட்டும்தான் திறப்பார்களாம். “நம்ம கடையில ஆளைப் பாத்துல்லா விலை சொல்லுதோம். அங்க எல்லாருக்கும் ஒரே வாசல்ங்க” என்றாள் அவர் காதோரம். அண்ணாச்சி ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். இருபத்தைந்து வருஷமாகத் தான் செய்கிற தொழிலைப் பற்றி, பின்சீட்டிலிருந்து ஒரு குரல் அவருக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் டீக்கடை வரைக்கும் கைதட்டல் கேட்டது. என்னவென்று சாயங்காலம் தெரிந்தது. மாதிரிக்கு ஒரு டெண்டரைக் கொடுத்து, அதில் என்ன குறை என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ‘நல்ல தரமான எவர்சில்வர் தட்டு’ என்று மட்டும் எழுதியிருந்ததாம். ஸ்வர்ணலதா எழுந்து, நல்ல தரம் என்பதை எதை வைத்து அளப்பீர்கள், தகடு என்ன கனம், தட்டு ஒன்று என்ன எடை, விளிம்பு மடித்ததா மடிக்காததா என்று எழுதாவிட்டால் காகிதம் மாதிரித் தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்களே என்று கேட்டிருக்கிறாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வகுப்பே என்று பாடம் நடத்தினவர் சொல்ல, எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. தகடு கனம் யாருடைய பேச்சு? விளிம்பு மடிப்பு யாருடைய பேச்சு? இத்தனை வருஷம் ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது தான் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதை அப்படியே கொண்டுபோய் அங்கே வைத்துக் கைதட்டல் வாங்கிவிட்டாளே. அந்தக் கைதட்டல் நியாயமாகத் தனக்கு வர வேண்டியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு வர வேண்டிய கைதட்டலைத் தானே தெருவைத் தாண்டிக் கேட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அடிவயிறு எரிந்தது. பொறாமை என்றால் பக்கத்துக் கடையைப் பார்த்து வருவது என்றுதான் அதுவரைக்கும் எண்ணியிருந்தார். வீட்டுக்குள்ளேயே வரும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வகுப்பிலேயே ஒரு டெண்டர் நடத்திப் பார்த்தார்கள். அன்றைய மாலைப் பலகாரத்துக்குத்தான். சில பேர் விற்பவர்கள், சில பேர் வாங்கும் கமிட்டி. கமிட்டிக்குத் தலைவி ஸ்வர்ணலதா. போண்டா போட்ட குழுவின் விலைதான் குறைவு, ஆனால் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. எல்லாரும் கெஞ்சியும் இவள் மசியவில்லை. தள்ளுபடி செய்துவிட்டு, விலை கூடின வடையை வாங்கினார்கள். வீட்டுக்கு இரண்டு வடை பொட்டலத்தில் வந்தது. அண்ணாச்சி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, எண்ணெய் சரியில்லை என்றார்.

மனசுக்குள் ஒரு ஆறுதலைத் தேடிக்கொண்டுதான் இருந்தார், பாவம். பாடம் நடத்துகிறவன் யாராவது வாட்டசாட்டமான ஆசாமியாக இருந்து, இவளிடம் வழிந்து பேசினால், அதைச் சாக்காக வைத்துச் சண்டை போட்டு இந்த விவகாரத்தையே மூடிவிடலாம். கடைசி நாள் சான்றிதழ் கொடுக்கும்போது கணவன்மார்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். பாடம் நடத்தினவர் நீரஜா என்ற பெண். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூடவே தன் மாமியாரை அழைத்து வந்திருந்தாள். சந்தேகப்பட ஒரு ஆம்பளை கிடைத்திருந்தால் அண்ணாச்சிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியும் இல்லாமல் போயிற்று.

அவர் முகத்தைப் பார்த்துப் பொன்னுரங்கம் தோளில் தட்டினார்.

“இன்னா அண்ணாச்சி, மூஞ்சி ஏன் இப்டி கீது? எங்கூட்டு அம்மா பாஸாயிட்சி, உங்கூட்டு அம்மா பஸ்ட்டு வந்துகிது. துட்டு நம்ம ஊட்டுக்குத்தான வருது நைனா? வுடு.”

விட முடிகிறவனுக்கு அது சுலபம். அண்ணாச்சி விடவில்லை. அதற்கப்புறம் வந்த நாட்கள் இன்னும் மோசம். வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டார்கள். திருவான்மியூரிலிருந்து ஒருத்தி, மயிலாப்பூரிலிருந்து ஒருத்தி என்று போன் வந்துகொண்டே இருந்தது. இவள் சோபாவில் சாய்ந்துகொண்டு, நிபந்தனையை முதலில் படி, விலையை அப்புறம் போடு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் குரல் அண்ணாச்சிக்குப் புதுசு. தன்னிடம் பேசும்போது அவளுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே இல்லை. அதற்காக வீட்டு வேலையில் ஒரு குறை வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. சாம்பாரில் ஒரு கல் உப்புக் கூடியிருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்தப் பிடியைக்கூட அவள் கொடுக்கவில்லை.

விடுதி டெண்டர் வந்தது. இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் இருக்கும். அதைச் சொருகி ரகசிய எண்ணைப் போட்டால்தான் உரிமையாளரின் கையெழுத்து விழும். ஸ்வர்ணா ஏஜென்சீஸின் டோக்கன் அதுநாள்வரை அண்ணாச்சியின் சாவிக்கொத்தில்தான் தொங்கியது, கடைச் சாவியோடும் பீரோச் சாவியோடும். வழக்கப்படி அவர், மைத்துனன் பேரிலும் ஒன்று போட்டுவிடலாம், எடுப்பாக இருக்கும் என்றார்.

ஸ்வர்ணலதா வேண்டாம் என்றாள். அது கூட்டுச் சதி என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் தன் வீட்டில் கேட்டதில்லை. பிறகு சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி, நகத்தால் வளையத்தை நெம்பி டோக்கனைக் கழற்றிக்கொண்டு, கொத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தன் கையெழுத்தை அடுத்தவர் கையில் விடக் கூடாதாம். ரகசிய எண்ணையும் அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

“அடுத்தவரா?” என்றார் அண்ணாச்சி.

“சட்டத்துக்கு அப்படித்தாங்க” என்றாள் அவள்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தட்டுக்கு என்ன விலை போடப் போகிறாள் என்று அவர் இரண்டு மூன்று தரம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். தகடு விலை, கூலி, பாலிஷ், வண்டி வாடகை எல்லாம் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியில் என்ன விலை என்பதை மட்டும் சொல்லவில்லை. விலை திறக்கும் வரைக்கும் அது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் வகுப்பில் சொன்ன முதல் பாடம் என்றாள். தெரிவதற்கு என்ன இருக்கிறது, நான்தானே சப்ளை செய்யப் போகிறேன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், ஆமாம் நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாளோ என்ற பயம். அப்படிச் சொன்னால் அவர் அவளிடம் வேலை பார்க்கிறவர் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சியின் புத்தி கோணலாகப் போயிற்று. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் செம்பியன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் டெண்டர் ஏற்றிக் கொடுப்பது அவர்தான். அண்ணாச்சி அங்கே போய், சண்முகா மெட்டல்ஸ் பேரில், தன் சொந்தப் பேரில், ஒரு டோக்கன் எடுத்தார். பழைய சப்ளைக் கணக்குகளைத் தூசி தட்டிக் கொடுத்தார். விடுதி டெண்டருக்கு ஒரு விலை போட்டார். செம்பியன் நீட்டிய காகிதங்களில், என்ன ஏது என்று படிக்காமல், காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

கெட்ட எண்ணம் இல்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு வீட்டிலிருந்து இரண்டு போனால் என்ன, யாருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்குத்தானே. மைத்துனன் லெட்டர்பேடில் எழுதிக்கொடுத்துப் பழகிய கை அது. ஆனால் அது வெளிப்பூச்சு. உள்ளே இருந்த ஆசை வேறு. விலை திறக்கிற அன்றைக்குத் திரையில் சண்முகா மெட்டல்ஸ் முதலில் இருக்க வேண்டும். ஸ்வர்ணா ஏஜென்சீஸ் அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதை அவள் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக, தான் அதுவரை யாருக்கும் கொடுக்காத அளவுக்கு விலையைக் குறைத்துப் போட்டிருந்தார்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு வேளையில், ஸ்வர்ணலதா தட்டில் கறி வைத்தவள் அப்படியே நின்றாள். தான் எல்லாவற்றையும் காலையில் ஏற்றி முடித்துவிட்டதாகச் சொன்னாள். அதில் ஒரு உறுதிமொழி இருக்கிறது, குடும்பத்தில் வேறு யாரும் இதே டெண்டரில் போட்டியிடவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது பொய்யானால் இரண்டு பேரையும் தள்ளிவிடுவார்கள், கம்பெனி பேரையே கறுப்புப் பட்டியலில் போட்டாலும் போடுவார்கள் என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நீங்க எதுவும் போடலியே?”

அண்ணாச்சி தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செம்பியனுக்கு ஒரு போன் போட்டு, போட்டதை வாபஸ் எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். கெடு முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஏன் போட்டீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொண்டாட்டியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று எந்தப் புருஷன் வாய்விட்டுச் சொல்வான்?

“நானா? எனக்கு எதுக்கு அந்த வேண்டாத வேலை” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றச் சொன்னார்.

அவள் கறிச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு மோரை ஊற்றினாள்.

மறுநாள் மாலை செம்பியன் சென்டரில் உட்கார்ந்து, யார் யார் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திரையில் பார்த்தார். சண்முகா மெட்டல்ஸ் இருந்தது. வேறு மூன்று பேர் இருந்தார்கள். ஸ்வர்ணா ஏஜென்சீஸ் இல்லை. மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார், இல்லை. முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்துப் பயனில்லை. மூன்று நாள் படிப்பு, கைதட்டல், டோக்கனைக் கழற்றிக்கொண்ட மிடுக்கு, எல்லாம் போய் கடைசிப் பொத்தானை அழுத்தத் தெரியாமல் கோட்டை விட்டுவிட்டாள். இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்கிறது. கூடவே உறுதிமொழித் தொல்லையும் தானாகத் தீர்ந்தது. வீட்டுக்குப் போகும்போது, அழுதுகொண்டிருப்பாள், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்துகொண்டு போனார்.

அவள் அழவில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். டெண்டர் என்ன ஆயிற்று என்று அவராகக் கேட்க முடியவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. நாட்கள் போயின. ஆறுதல் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அண்ணாச்சி தவித்தார். தோற்றவள் தோற்ற மாதிரி இருக்க வேண்டாமா? அவள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்து அதற்கும் வயிறு எரிந்தது.

விலை திறந்தார்கள். நான்கு பேரில் குறைந்த விலை சண்முகா மெட்டல்ஸ். செம்பியன் எழுந்து கைகொடுத்தார். இனி மறைக்க முடியாது, மறைக்க வேண்டியதும் இல்லை. அண்ணாச்சி பாண்டி பஜாரில் அரைக் கிலோ அல்வாவும் முல்லைப்பூவும் வாங்கிக்கொண்டு, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பட்டப்பகலில் வீட்டுக்குப் போனார். எப்படிச் சொல்வது என்பதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். உன்னுடையது ஏறாது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, அதனால் முன்ஜாக்கிரதையாக நானும் ஒன்று போட்டு வைத்தேன், நல்லவேளை. இதுதான் அவர் கட்டியிருந்த கதை. ஜெயித்தவர் என்ற உரிமையோடு கொஞ்சம் பெருந்தன்மையும் காட்டுவதாக இருந்தார்.

கதவைத் திறந்தவள் பூவையும் பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, அவருக்கு முந்திக்கொண்டாள்.

“கிடைச்சிட்டா? சந்தோஷங்க.”

அண்ணாச்சி கதவிலேயே நின்றுவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனபடியே சொன்னாள். அவள் தன் டெண்டரை ஏற்றியதும் செம்பியன் சென்டரில்தான், விலையை மட்டும் தானே அடித்துப் போட்டாளாம்; அன்றைக்கே அவர் தனக்குப் போன் செய்ததாகச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஒரே கடை முகவரியில் இரண்டு பேர் போடுகிறார்களே, பழைய மாதிரி சேர்ந்துதான் போடுகிறீர்களா, இரண்டும் ஏறிவிட்டது, திருப்திதானே மேடம் என்று ரசீது சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறாள்.

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே மோரை ஊற்றியிருக்கிறாள். அண்ணாச்சி சோபாவில் உட்கார்ந்தார்.

“ஒரே வீட்டுல ரெண்டு பேரு போட்டா ரெண்டும் போயிரும். யாராவது ஒருத்தர் எடுத்துதான ஆகணும்? நீங்க எடுக்க மாட்டிய. அதான் நான் வீட்டுல வச்சே என்னோடதை எடுத்துட்டேன்” என்றாள். அல்வாவை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “உங்க காகிதத்துலயும் அதே உறுதிமொழிதான் இருந்துச்சு. படிக்காமப் போட்டிருப்பிய. நான் எடுத்ததால அது உண்மையாயிட்டு.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், அப்படியே எல்லாம் அடங்கிப்போயிருக்கும். தட்டிப் பறித்ததாக அவர் நினைத்துக்கொண்டு வந்தது, அவள் விட்டுக்கொடுத்ததாக இருந்தது. தன் சொந்தப் பேரில் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று பார்த்தார். அதையும் அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டிய இடம் அது. வெட்கமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெட்கத்துக்கு அடியில் அந்தப் பழைய எரிச்சல் அணையாமல் கிடந்து, ஒரு கேள்வியாக மேலே வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால் அவர் அதைத்தான் கேட்டார்.

“நீ என்ன விலை போட்டிருந்த?”

ஸ்வர்ணலதா அவரைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. முதன்முதலாக அவள் முகம் வாடியது. எடுத்துவிட்ட டெண்டரின் விலையை யாரும் திறக்க மாட்டார்கள் என்றாள்.

“நான் யாரோவா? உம் புருஷன் கேக்கேன், சொல்லு.”

“புருஷனா வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றாள். “நீங்க போட்டிக்காரரா வந்திய. போட்டிக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.”

பூவை எடுத்து வைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று எழுந்து போனாள்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடுதிகளுக்குத் தட்டும் தம்ளரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. சண்முகா மெட்டல்ஸ் பெரிய ஆர்டர் எடுத்ததைச் சந்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். ஸ்வர்ணா ஏஜென்சீஸ் இப்போது ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறது. எந்த டெண்டர் யாருக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்கிறார்கள். அவள் எப்போதும் அவரையே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். விலையை மட்டும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் புதுப்புடவை கொடுத்தபோது கேட்டுப் பார்த்தார், கல்யாண நாளன்று கேட்டுப் பார்த்தார், காய்ச்சலில் படுத்திருந்தபோது நைசாகக் கேட்டுப் பார்த்தார். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் அண்ணாச்சி கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொள்கிறார். அன்றைய தகடு விலை, கூலி, பாலிஷ், வண்டி வாடகை. அவள் எதில் குறைத்திருப்பாள், எவ்வளவு லாபம் வைத்திருப்பாள் என்று தட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தொகை வருகிறது. எப்படிப் போட்டாலும் அவருடைய விலையைவிட அவளுடையதுதான் குறைவாக வருகிறது.